‘நடங்கள்’ என்ற ஒற்றை மருந்துச்சீட்டு

என் அம்மாவுக்கு 72 வயது. சர்க்கரை கொஞ்சம், இரத்த அழுத்தம் கொஞ்சம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் மருத்துவர் சீட்டின் கடைசி வரியில் ‘நடைப்பயிற்சி, 45 நிமிடம்’ என்று எழுதி அடிக்கோடிடுவார். அம்மாவும் தட்டாமல் நடக்கிறார். மாலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில், துணி காயும் கொடிகளுக்குக் குனிந்து நிமிர்ந்து, நாற்பது சுற்று. எண்ணிக்கை தவறாமலிருக்கக் கைப்பிடிச் சுவரில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி வைப்பார். அதே அம்மா பூஜை அறையில் விளக்கேற்றிவிட்டுத் தரையிலிருந்து எழும்போது ஒரு கையை முழங்காலிலும் இன்னொரு கையைச் சுவரிலும் ஊன்றி, ‘முருகா’ என்றுதான் எழுகிறார். நாற்பது சுற்று நடக்கிற கால்தான் அது.

இதே வரி என் 45 வயதுத் தம்பியின் சீட்டிலும் இருக்கிறது. பிள்ளை பெற்று ஆறு மாதமான அண்ணன் மகளுக்கும் இதைத்தான் சொன்னார்கள். எதிர்வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பையன் உடம்பு போட்டுவிட்டான் என்று அவனையும் அப்பாவோடு காலையில் பூங்காவுக்கு அனுப்புகிறார்கள். அவன் தூக்கக் கலக்கத்தோடு ஓய்வுபெற்றவர்களின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறான். நம் ஊரில் உடற்பயிற்சி என்றால் எந்த வயதுக்கும் நடைதான்.

உலக சுகாதார நிறுவனமும் பல நாட்டு அரசுகளும் வெளியிட்டிருக்கும் உடலியக்க வழிகாட்டுதல்களை எடுத்துப் படித்தால், அவை இப்படிச் சொல்லவே இல்லை. கைக்குழந்தைக்கு ஒன்று, பள்ளிப் பிள்ளைக்கு வேறொன்று, நடுவயதுக்கு ஒன்று, 65 தாண்டியவர்களுக்கு இன்னொன்று என்று வயதுக்கு வயது கேள்வியே மாறுகிறது. நம் காதுக்கு வந்து சேர்ந்தது என்னவோ நடுவயதுக்காரர்களுக்கான பதில் மட்டும்தான், அதிலும் பாதி. அது ஏன் என்று பார்க்க லண்டன் பஸ் ஒன்றில் ஏற வேண்டும்.

சென்னையிலும் ஒருகாலத்தில் ஓடிய மாடி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் நாளெல்லாம் இருக்கையை விட்டு அசைவதில்லை. நடத்துநர் டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்கியபடி இருப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். இருவரும் ஒரே நிறுவனத்துக்காரர்கள், ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், ஏறத்தாழ ஒரே மாதிரி சம்பளக்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று தேடிக்கொண்டிருந்த ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இந்த ஜோடியைப் பிடித்துக்கொண்டார். சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் பதிவுகளை அவரது குழு ஆராய்ந்தது. 1953ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு, வந்தாலும் தாமதமாக வருகிறது, வந்தவர்களிலும் சட்டென்று இறப்பவர்கள் குறைவு. கடிதம் கொண்டுபோகும் தபால்காரர்களை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர்களோடு ஒப்பிட்டபோதும் இதே கதைதான்.

ஒருவேளை குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலையைத் தேடிப் போகிறார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. மோரிஸுக்கும் அது வந்தது. அதைச் சோதிக்க அவர் தேடிப்போனது சீருடைக் கணக்கு. கால்சட்டைக்கு எடுத்த இடுப்பளவுகள் அதில் இருந்தன. பார்த்தால் ஓட்டுநர்களின் இடுப்பு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. வித்தியாசத்தில் ஒரு பங்கு ஆள் சேரும்போதே வந்தது என்று ஒப்புக்கொண்டு, 1956ல் அதையும் ஒரு கட்டுரையாக எழுதினார். தன் கண்டுபிடிப்பின் பலவீனத்தைத் தானே தேடிப்போய் அச்சில் ஏற்றிய இந்தக் குணத்துக்காகவே அவர்மீது எனக்கு மரியாதை. மனிதர் 2009 வரை, 99 வயதுவரை வாழ்ந்தார்.

இந்தத் துறை பிறந்தது இதய நோயிலிருந்து. பிறகு நீரிழிவு வந்து சேர்ந்துகொண்டது. ஆகவே எண்களெல்லாம் நடுவயது இதயத்தை மனதில் வைத்தே கட்டப்பட்டன. 1995ல் அமெரிக்காவில் ‘பெரும்பாலான நாட்களில் 30 நிமிடம்’ என்றார்கள். 2008ல் அதை வாரக் கணக்காக்கி 150 நிமிடம் என்றார்கள். 2010ல் உலக சுகாதார நிறுவனமும் அதே எண்ணை எடுத்துக்கொண்டது. 2020 நவம்பரில் வந்த அதன் புதிய வழிகாட்டுதல் 150லிருந்து 300 நிமிடம் என்று ஒரு வீச்சாக நீட்டியது. மூச்சு வாங்கும்படி கடுமையாகச் செய்தால் 75லிருந்து 150 நிமிடம். அதற்குக் கீழேயே, வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்ற வரி இருக்கிறது. நம் சீட்டுகளில் உதிர்ந்துபோகிற வரி அதுதான்.

150 என்பது ஒரு வாசற்படி அல்ல. 149வது நிமிடத்தில் பலனில்லாமல் இருந்து அடுத்த நிமிடத்தில் கதவு திறப்பதில்லை. தைவானில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2011ல் வெளியான ஆய்வில், நாளுக்கு வெறும் 15 நிமிடம் இயங்கியவர்களுக்கே இறப்பு ஆபத்து 14 விழுக்காடு குறைவாக இருந்தது. பலன் கோடு தொடக்கத்தில் செங்குத்தாகவும் பிறகு மெல்லவும் ஏறுகிறது. ஒன்றுமே செய்யாதவர் எழுந்து கால்மணி நேரம் நடந்தால் கிடைப்பது, ஏற்கெனவே ஒரு மணி நேரம் நடப்பவர் இன்னொரு கால்மணி கூட்டினால் கிடைப்பதைவிட அதிகம். தொடர்ச்சியாகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றிருந்த பழைய நிபந்தனையையும் அமெரிக்கா 2018லும் உலக சுகாதார நிறுவனம் 2020லும் கைவிட்டன. பஸ் நிறுத்தத்துக்கு விரைந்து நடக்கிற நான்கு நிமிடமும் இப்போது சேர்த்திதான்.

எண்களில் எல்லோருக்கும் தெரிந்த 10,000 காலடிக்கு வேறு பூர்வீகம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறு ஆண்டு, 1965ல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் காலடி எண்ணியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்றுதான் பொருள். விளம்பரப் பெயர் அறிவியல் போல உலகம் சுற்றிவிட்டது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கிலோமீட்டர் பாதையும் ஏறத்தாழ அந்தப் பத்தாயிரத்தைத்தான் தொடுகிறது. நடக்கப் பாதை போடுவதில் தவறொன்றுமில்லை. ஆனால் அந்த எண் பிறந்த ஜப்பானே 2023 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு 8,000, முதியவர்களுக்கு 6,000 என்றுதான் வைத்திருக்கிறது. சராசரியாக 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்கள் 16,000க்கும் மேற்பட்டோரைக் கவனித்த 2019 ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. என் அம்மா பத்தாயிரத்தைப் பிடிக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நடக்கிறோம் என்பதைப்போலவே எப்படி நடக்கிறோம் என்பதும் ஒரு கணக்கு. அந்த 150 நிமிடத்தில் சேருவது மிதமான இயக்கம். மிதம் என்றால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி என்பது இன்னொரு சுலபமான அளவு. ஒரு காலை பூங்காவில் உட்கார்ந்து, நாலுபேராக அரசியல் பேசிக்கொண்டு வந்த ஒரு கூட்டத்தை ஒரு நிமிடம் எண்ணிப் பார்த்தேன்: 74. அவர்களில் ஒருவர் பழைய பாட்டொன்றை மூச்சு முட்டாமல் பல்லவியிலிருந்து சரணம்வரை கொண்டுபோனார். மனதுக்கு நல்லதுதான். 150 நிமிடக் கணக்கில் அதை எழுத முடியாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் உடம்பின் வாகு வேறு. அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நம் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம். சர்க்கரையும் பத்து ஆண்டு முன்னதாகவே எட்டிப் பார்த்துவிடுகிறது. அதனால்தான் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று நமக்கு இடுப்பளவு எல்லையையே குறுக்கி வைத்திருக்கிறார்கள். 2012ல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி வெளியிட்ட ஒருமித்த பரிந்துரையும் இதையொட்டி நாளுக்கு 60 நிமிடம் கேட்டது: 30 நிமிடம் விறுவிறுப்பான நடை போன்ற பயிற்சி, 15 நிமிடம் தசைக்கு வலு சேர்ப்பது, மீதி 15 நிமிடம் அன்றாட வேலையோடு சேர்ந்த உடலுழைப்பு. அந்த மணி நேரத்தில் நடை பாதிதான். மேற்கத்திய எண்ணை அப்படியே எடுத்து ஒட்டாமல் நம் உடம்பைப் பார்த்துச் செய்த பரிந்துரை என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. வெளியே யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

2019 ஆகஸ்ட் 29, ஹாக்கி வீரர் தியான்சந்தின் பிறந்தநாளில், ஒன்றிய அரசு ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கியது. அதன் முதலாண்டு நிறைவையொட்டி 2020 செப்டம்பரில் 5 முதல் 18, 18 முதல் 65, 65க்கு மேல் என்று மூன்று வயதுத் தொகுப்புகளாக உடற்தகுதி நெறிமுறைகள் வந்தன. எவ்வளவு செய்ய வேண்டும் என்பதோடு, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்க்கச் சோதனைகளும் அவற்றில் உண்டு. முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒற்றைக் காலில் நிற்கும் சோதனை. அதற்கு மேல் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம், கையூன்றி உடலைத் தூக்கும் ‘புஷ்-அப்’. 65க்கு மேலானால் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருதல். இந்த வரிசையைப் பார்க்கும்போதே வயதுக்கு வயது கேள்வி மாறுவது தெரிந்துவிடும்.

மாறாமல் இருப்பது நம் நிலைமை. மாறாமல் என்பதுகூடத் தப்பு, மோசமாகிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூனில் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பின்படி, 2022ல் இந்தியப் பெரியவர்களில் 49.4 விழுக்காட்டினர் குறைந்தபட்ச அளவுகூட இயங்காதவர்கள். 2000ல் இது 22 விழுக்காடாக இருந்தது. 2022 கணக்கில் ஆண்கள் 42, பெண்கள் 57. தமிழ்நாட்டையும் சேர்த்து நான்கு பகுதிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2014ல் வெளியிட்ட ஆய்வும் பாதிக்கு மேற்பட்டோர் இயங்கவில்லை என்றுதான் சொன்னது; ஓய்வு நேரத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி என்று எதையாவது செய்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

பெண்கள் 57 என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். விடியற்காலையிலிருந்து இரவு பாத்திரம் கவிழ்க்கும்வரை உட்காராத பெண்ணைப் பார்த்து ‘இயக்கம் போதாது’ என்றால் கோபம் வராதா? உலக சுகாதார நிறுவனத்தின் வினாத்தாள் வீட்டு வேலையை ஒதுக்கவில்லை. சம்பளமில்லாத வேலையையும் வேலை என்றே சேர்க்கிறது. ஆனால் மூச்சோ நாடியோ சற்றாவது ஏற வேண்டும், அதுவும் வழிகாட்டுதல் பின்னர் கைவிட்ட அதே பத்து நிமிடம் தொடர வேண்டும் என்று கேட்கிறது. வெங்காயம் நறுக்குவதும் தோசை வார்ப்பதும் காலைக் கடுக்க வைக்கும், நாடியை ஏற்றாது. வீடு முழுக்கக் குனிந்து துடைப்பது ஏற்றும். அப்படியானால் அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் திரும்பலாமே என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்கள் அனேகமாக ஆண்களாகவே இருப்பது தற்செயல் அல்ல. அந்தக் கல்லில் அரைத்தவர்களுக்கு இடுப்புவலியும் மிச்சமிருந்தது. பாரம் தூக்குகிற தொழிலாளிக்கு ஓய்வு நேர ஓட்டக்காரருக்குக் கிடைக்கும் இதயப் பாதுகாப்பு கிடைப்பதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நிறுத்தவும் ஓய்வெடுக்கவும் உரிமையில்லாத உழைப்பு உடலைத் தேய்க்கிறது. பெண்ணுக்குத் தேவை தன்னுடையதென்று ஓர் அரைமணி நேரமும், அதில் பயமில்லாமல் நடக்க ஒரு தெருவும். அவற்றை எந்த வழிகாட்டுதலாலும் தர முடியாது.

பிள்ளை பெற்றவளுக்கும் இங்கேயே ஒரு வரி. மருத்துவத் தடை ஏதும் இல்லாத கர்ப்பிணிகளுக்கும் பிரசவமானவர்களுக்கும் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 நிமிடம் என்றுதான் சொல்கிறது; தசைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. ‘பச்சை உடம்பு’ என்று மாதக்கணக்கில் படுக்கையில் வைக்கச் சொல்லவில்லை.

குழந்தைகளுக்கான கேள்வியோ முற்றிலும் வேறு. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 2019ல் தனி வழிகாட்டுதல் வந்தபோது, ‘கைக்குழந்தைக்கு உடற்பயிற்சியா’ என்று சிரித்தவர்கள் உண்டு. படித்துப் பார்த்தால், கட்டிப் போடாதீர்கள் என்பதே அதன் சாரம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை விழித்திருக்கும் நேரத்தில் நாளுக்கு அரைமணி நேரமாவது குப்புறப் போட்டு விளையாட விட வேண்டும். கழுத்தும் தோளும் அப்படித்தான் வலுப்படும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டி உட்கார வைக்கக் கூடாது. திரை கூடவே கூடாது. ஒரு வயதிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு 180 நிமிட இயக்கம். மூன்று, நான்கு வயதில் அதில் 60 நிமிடம் மூச்சிரைக்கும் ஆட்டமாக இருக்க வேண்டும். ஒரு வயதில் திரை கூடாது; இரண்டிலிருந்து நான்கு வயதுவரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், குறைந்தால் நல்லது. நம் வீடுகளில் ஒரு வேளை சோறூட்டும் நேரமே அந்த ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது.

குழந்தையை உள்ளே உட்கார வைத்து உருட்டிவிடும் சக்கர வாக்கரின் விற்பனையைக் கனடா 2004லேயே தடை செய்தது. நம் பழைய மர நடைவண்டி அந்த வகை அல்ல. அதில் குழந்தை தானே எழுந்து நின்று, பிடித்து, தள்ள வேண்டும். தடுக்கி விழுந்தால் விழ வேண்டியதுதான்.

5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம். 2010ல் ‘ஒவ்வொரு நாளும்’ என்று இருந்ததை 2020ல் ‘வாரச் சராசரியாக’ என்று தளர்த்தினார்கள். பிள்ளைகள் ஞாயிறு முழுக்க ஆடித் தீர்ப்பார்கள், பரீட்சை நாளில் அசைய மாட்டார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. முக்கியமானது அடுத்த வரி: வாரத்தில் மூன்று நாளாவது கடுமையான ஆட்டமும், தசையையும் எலும்பையும் உறுதிப்படுத்தும் இயக்கமும் வேண்டும். எலும்பு அதிர்ச்சியைக் கேட்கும். குதிப்பதும் தாண்டுவதும் சட்டென்று திரும்பி ஓடுவதும்தான் அதற்குத் தீனி. வாழ்நாள் முழுக்கச் செலவழிக்கப்போகும் எலும்புச் சேமிப்பில் பெரும்பங்கு பதின்வயது முடிவதற்குள் உள்ளே போய்விடுகிறது. குறிப்பாக, மாதவிடாய் நின்ற பிறகு வேகமாக எலும்பை இழக்கப்போகும் பெண் பிள்ளைகளுக்கு. நொண்டியும் கயிறு தாண்டலும் கபடியும் அந்தச் சேமிப்பைச் சரியாகச் செய்பவை. அந்த வயதில்தான் பெண் பிள்ளைகளை ‘போதும் ஆட்டம்’ என்று உள்ளே அழைத்துவிடுகிறோம். 11 முதல் 17 வயதுவரையுள்ளோரில் உலக அளவில் ஆண் பிள்ளைகளில் 78 விழுக்காட்டினரும் பெண் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினரும் இந்த 60 நிமிடத்தைத் தொடவில்லை. பள்ளியில் இருக்கிற ஒரே விளையாட்டுப் பாடவேளையையும் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. எதிர்வீட்டுப் பையனைப் பூங்காவில் நடக்க அனுப்புவதற்குப் பதிலாக நாலு பையன்களையும் ஒரு பந்தையும் பிடித்துக் கொடுத்திருக்கலாம்.

உட்கார்ந்தே இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. குறையுங்கள் என்கிற உலக சுகாதார நிறுவனம் எத்தனை மணி நேரம் என்று எண் சொல்லவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று நிறுத்திக்கொண்டது. கனடா துணிந்து பெரியவர்களுக்கு 8 மணி நேரம் என்று எல்லை கட்டியது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டிய 2016 ஆய்வு ஒன்று, நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் இயங்கினால் எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் இறப்பு ஆபத்து ஏறத்தாழக் கரைந்துவிடுகிறது என்றது. கணினி முன் பிழைக்கிற என் தம்பி பிடித்துக்கொள்ள வேண்டிய எண் இது.

மறுபடி அம்மா. 65 தாண்டியவர்களுக்கும் அதே 150 நிமிடம் உண்டு. கூடவே வாரத்தில் மூன்று நாள் சமநிலையும் தசை வலுவும் சேர்ந்த பயிற்சி வேண்டும் என்று தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். இந்த வயதில் கேள்வி இதயத்தோடு நிற்பதில்லை. விழாமல் இருக்க முடியுமா என்பதே பெரிய கேள்வி. உலகில் ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். தற்செயல் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். குளியலறையில் வழுக்கும்போது உடலைத் தாங்கிப் பிடிப்பது தொடைத் தசையின் சட்டென்ற வலு. சமதளத்தில் மெதுவாக நடக்கும் நடை, எவ்வளவு நடந்தாலும், அந்த வலுவைத் தருவதில்லை.

பிரேசிலில் 51 முதல் 80 வயதுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டார்கள். உட்கார 5, எழ 5. கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போச்சு, தள்ளாடினால் அரை. 2012ல் வெளியான முடிவில், மதிப்பெண் குறையக் குறைய அடுத்த சில ஆண்டுகளில் இறந்தவர்களின் விகிதம் கூடியிருந்தது. எழ முடியாததால் இறந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. ஏற்கெனவே நலிந்தவர்கள் எழ முடியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்த நாம், சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் மேலைநாட்டுக் கழிப்பறையும் வந்தபின் நாளுக்கு எத்தனை முறை அந்தச் சோதனையை எழுதாமல் தப்பிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். முட்டிவலிக்காரர்களுக்கு அவை வரம்தான். வலி இல்லாதவர்களும் அதோடு சேர்ந்து தரையை விட்டுவிட்டோம்.

அம்மாவைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தேன். அவர் வயதுப் பெண்களுக்கு 10க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை. அம்மா 7. அதுவும் ஏழாவதில் கை தானாக அவிழ்ந்தது. நாற்பது சுற்றைப் பெருமையாகச் சொல்பவருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளிலிருந்து காப்பி கொதிக்கும் நேரத்தில் பத்து முறை எழுந்து உட்காருகிறார். பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறார், காலை மாற்றி மீண்டும். ஒரு கிலோ உப்புப் பொட்டலங்களைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்குகிறார். அதற்கென்று எதையும் வாங்க ஒப்பவில்லை. நாலு மாதம் கழித்து 11.

பூஜை அறையில் ‘முருகா’ இன்னும் கேட்கிறது. சுவரில் இருந்த கை மட்டும் இப்போது விளக்குக் கிண்ணத்தைப் பிடித்திருக்கிறது. போன வாரம் பரிசோதனைக்குப் போய் வந்தோம். சீட்டின் கடைசி வரியில் அடிக்கோட்டோடு ‘நடைப்பயிற்சி, 45 நிமிடம்’ என்று எழுதியிருந்தது.